ராத்திரி தனியா நடக்கலாமா அக்கா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த மாசம் வந்த கடிதங்கள எல்லாம் மேசையில பரப்பி வச்சுப் பாத்தப்ப பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது. நம்ம வட்டாரம் பாதுகாப்பா, இங்க குடி போகலாமா, பொண்ணு லேட்டா வந்தா பயப்படணுமா, அப்பாவுக்கு ஒரு போன் வந்துச்சு என்ன பண்றதுன்னு. அதனால பிள்ளைங்க படிப்பு, மாமியார் மருமக விஷயமெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவை முழுக்க இதுதான்.

கேள்வி: அக்கா, நாங்க திருச்சியிலேர்ந்து சிங்கப்பூர் வந்து 4 மாசம் ஆகுது. வீட்டுக்காரருக்கு இங்க கம்பெனி வேலை, 7 வயசுல ஒரு பொண்ணு. இப்ப ரோவல் ரோடு பக்கம் ஒரு மூவறை வீடு வாடகைக்கு வருது. கோயில், காய்கறி, மளிகை எல்லாம் காலடியிலயே இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா இவரோட ஆபீஸ்ல எல்லாரும் "லிட்டில் இந்தியாவா, அய்யோ வேணாம், குடிகாரங்க, சண்டை, முன்னாடி கலவரமே நடந்த எடம், பேசாம பொங்கோல் போங்க"ன்னு பயமுறுத்துறாங்க. நான் சாயந்தரம் டியூஷன் எடுக்கப் போயிட்டு வீடு வர ராத்திரி 10 மணி ஆயிடும். எடுக்கலாமா வேணாமா? (புதுசா வந்த அம்மா)

பதில்: தங்கச்சி, பஃபலோ ரோடு புளோக்ல 22 வருஷம் இருந்தவ நான். என் ரெண்டு பிள்ளைங்களும் அங்கதான் வளந்தாங்க. அதனால இத யாரோ சொல்லக் கேட்டு சொல்லல.

கலவரத்த பத்தி மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா அந்த ஒரு ராத்திரிய வச்சுத்தான் இன்னிக்கு வரைக்கும் அந்த இடத்துக்கே பேரு வச்சிருக்காங்க. 2013 டிசம்பர் 8, ஞாயித்துக்கிழமை. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கிற எடத்துல ஒரு தனியார் பஸ்ஸுல அடிபட்டு நம்ம ஊர்லேர்ந்து வேலைக்கு வந்த ஒரு தம்பி எறந்து போயிட்டாரு, அதுலேர்ந்து தொடங்கி சுமார் 300 பேர் சேந்து ஆம்புலன்ஸு, போலீஸ் காரு எல்லாத்தையும் கவுத்துப் போட்டு கொளுத்திட்டாங்க. எங்க வீட்டு சன்னல் வரைக்கும் பொக வந்துச்சு, பிள்ளைங்கள உள் ரூம்ல படுக்க வச்சிட்டு நான் விடிய விடிய ஒக்காந்திருந்தேன். சிங்கப்பூர்ல அந்த மாதிரி ஒண்ணு நடந்து 40 வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. அப்புறம் முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில விசாரணைக் குழு போட்டாங்க, 2014-ல அறிக்கை வந்துச்சு, அன்னிக்கு சண்ட அவ்ளோ பெருசானதுக்கு குடியும் ஒரு முக்கியமான காரணம்னு அதுல சொன்னாங்க.

அதுக்குப் பின்னாடி வந்ததுதான் 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி மதுபானச் சட்டம். நாடு முழுக்க ராத்திரி 10.30 மணிலேர்ந்து காலைல 7 மணி வரைக்கும் பொது எடத்துல குடிக்கக் கூடாது, புளோக்குக்குக் கீழ தொறந்து கெடக்கிற வாய்ட் டெக்கும் பொது எடம்தான். லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் இன்னும் கட்டுப்பாடு அதிகம், சனிக்கிழமை காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சா திங்கக்கிழமை காலைல 7 மணி வரைக்கும் தெருவுல ஒருத்தரும் பாட்டில தொறக்க முடியாது. சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க புளோக்குக்குக் கீழ எறங்கினா படிக்கட்டு முழுக்க காலி டின்னும் வாந்தியுமா கெடக்கும், மூக்க மூடிக்கிட்டுத்தான் தாண்டுவோம். அது போயிடுச்சு. இது என் கண்ணால பாத்தது.

இப்ப நெசமா அங்க என்னதான் நடக்கும்னு கேட்டா, சனி ஞாயிறு சாயந்தரம் கூட்டம் நெரியும், ரோட்டுல எறங்கி நடப்பாங்க, சத்தம் இருக்கும். எப்பவாவது ரெண்டு பேரு குடிச்சிட்டு வாய்ச்சண்ட போடுவாங்க. நெரிசலான கடையில பைய முதுகுல மாட்டிக்கிட்டு நின்னா பர்ஸ் போக வாய்ப்பு இருக்கு, முன்னாடி மாட்டிக்கோ. ரோவல் ரோடுன்னு சொன்னதால இதையும் மறைக்காம சொல்லிடணும், பக்கத்துல இருக்கிற டெஸ்கர் ரோட்டுப் பின் சந்துல சிவப்பு விளக்குத் தொழில் நடக்கிறது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அங்க வர்ற ஆளுங்க உன்னைய தொந்தரவு பண்ணணும்னு வர்றதில்ல, ஆனா 7 வயசுப் பிள்ளைய கைல புடிச்சிக்கிட்டு அந்த சந்து வழியா குறுக்க போக உனக்கே புடிக்காது. ஜாலான் புசார் எம்.ஆர்.டி-லேர்ந்து வர்றியா, பெரிய ரோட்டோட சுத்தி வா, சில நிமிஷம் கூட ஆகும், பரவால்ல.

அடுத்தவங்க வாயக் கேக்கறத விட ஒரு வேல பண்ணு. கொள்ளை, வீடு ஒடைச்சுத் திருடறது, பறிச்சிட்டு ஓடறது, வண்டித் திருட்டு, மானபங்கம், இந்த அஞ்சையும் ஒவ்வொரு அக்கம்பக்கக் காவல் நிலைய எல்லைக்கும் தனித்தனியா வருஷா வருஷம் கணக்கு போட்டு அரசாங்கமே வெளியிடுது, இணையத்துலயே பாக்கலாம். பாத்தீன்னா பறிப்பு, கொள்ளைக்கெல்லாம் எவ்ளோ சின்ன நம்பர் வருதுன்னு உனக்கே ஆச்சரியமா இருக்கும். பொங்கோல்ல இருக்கிறவங்க ஒரு உலகத்துலயும் தேக்கால, அதாவது லிட்டில் இந்தியாவுல இருக்கிறவங்க வேற உலகத்துலயும் இல்ல தங்கச்சி. 2012-லேர்ந்து போலீஸ் கேமரா பொருத்த ஆரம்பிச்சு 2016-க்குள்ள சுமார் 10,000 வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) புளோக்குலயும் மாடிக் கார் நிறுத்தத்துலயும் வச்சு முடிச்சிட்டாங்க, நீ பாக்கப் போற புளோக்கோட லிஃப்ட் வாசல்லயும் இருக்கும். காலப்ங்கிற நிறுவனம் ஊர் ஊரா போயி "ராத்திரி உங்க வட்டாரத்துல தனியா நடக்க பயமில்லையா"ன்னு கேக்கும், 2025-ல அவங்க வெளியிட்டதுல சிங்கப்பூர்லதான் ரொம்ப அதிகம், 98 விழுக்காடு பேரு பயமில்லன்னு சொல்லியிருக்காங்க.

ஆனாலும் நம்பர பாத்து மட்டும் வீடு எடுக்காத. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மூணு தடவ போ. புதன்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவ, நீ வீடு திரும்புற நேரம் அதுதானே. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் 6 மணிக்கு ஒரு தடவ. சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு ஒரு தடவ. காரிடார்ல எத்தன லைட்டு எரியுது, லிஃப்ட்டு எல்லா மாடிலயும் நிக்குதா, கீழ காப்பிக்கடை எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்குன்னு பாரு. வாய்ட் டெக்ல ஒக்காந்திருக்கிற பாட்டிகிட்ட ரெண்டு வார்த்த பேசு. ஏஜென்ட் சொல்லாத கதையெல்லாம் அந்தப் பாட்டி சொல்லும். நானா இருந்தா எடுப்பேன். ஆனா சத்தம் உனக்கு ஆகாதுன்னா வேற எடம் பாரு, பயத்துக்காக வேணாம்னு சொல்லாத.

கேள்வி: ஈசூன்ல 15 வருஷமா இருக்கோம். எந்த ஊரு கேட்டாலும் ஈசூன்னு சொன்னதும் சிரிக்கிறாங்க, "கத்தி வச்சிருக்கீங்களா"ன்னு கிண்டல். என் பொண்ணு ஸ்கூல்ல ஈசூன்னு சொல்லவே கூச்சப்படுறா. நெசமாவே மோசமான எடமா இது? (ஈசூன் வாசகி)

பதில்: இல்லம்மா. 2 லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கிற டவுன் அது, அவ்ளோ பேரு இருக்கிற எடத்துல அப்பப்ப ஏதாவது நடக்கத்தான் செய்யும். 2015 வாக்குல பூனைங்கள கொன்னு போட்ட கொடுமை நடந்துச்சு, அதுலேர்ந்து ஈசூன்ல ஒரு பக்கெட் கவுந்தாக்கூட தலைப்புல "ஈசூன்"னு போட ஆரம்பிச்சிட்டாங்க. அதே சண்ட வேற எடத்துல நடந்தா "ஒரு வீவக புளோக்கில்"னு எழுதுவாங்க, எடத்துப் பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்க பொண்ணுக்குச் சொல்லுங்க, 15 வருஷமா ராத்திரி குப்ப போட கீழ எறங்கிட்டு வர்றியே, ஒரு நாளாவது ஒனக்கு என்னமாவது ஆயிருக்கான்னு கேளுங்க. சிரிக்கிறவங்க யாரும் அங்க ஒரு நாள் கூட இருந்திருக்க மாட்டாங்க. பிள்ளைங்க வளர்ற எடத்தோட பேரச் சொல்லி அவங்கள தலை குனிய வைக்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு, பிடோக்ல தனியா இருக்காரு. போன வாரம் ஒரு போன், "உங்க பேர்ல பேங்க் அக்கவுன்ட் தொறந்து கள்ளப் பணம் போயிருக்கு"ன்னு சொல்லி, வாட்ஸ்அப் வீடியோல போலீஸ் யூனிபார்ம் போட்ட ஆளு வேற வந்து பேசியிருக்கான். யார்கிட்டயும் சொல்லக் கூடாது, பிள்ளைங்ககிட்ட கூட, இது ரகசிய விசாரணைன்னு. நல்ல வேளை நான் தற்செயலா சாப்பாடு கொண்டு போனேன், அப்பா கை நடுங்கிக்கிட்டு பேங்க் ஆப்ப தொறந்து வச்சிருந்தாரு. இப்ப அவரு வெளியவே வர மாட்டேங்கிறாரு. கேட்டுக்கு ரெண்டாவது பூட்டு வாங்கி மாட்டச் சொல்றாரு. என்ன செய்யட்டும்? (மகள், தெம்பனிஸ்)

பதில்: பூட்டு வேணும்னா மாட்டிக் குடு, அவரு மனசு அடங்கட்டும். ஆனா திருடன் கேட்டு வழியா வரலையேம்மா.

இதப் பத்தி எழுதும்போது எனக்கே நெஞ்சு அடைக்குது, ஏன்னா எங்க அம்மா 2023-ல இதே மாதிரி ஒரு போன்ல 18,000 வெள்ளிய (சிங்கப்பூர் டாலர்) எழந்துட்டாங்க. வீடு வீடா துணி தேய்ச்சுக் குடுத்து சேத்த காசு. நாங்க சின்னப் பிள்ளையா இருந்த காலத்துலேர்ந்து கதவுக்கு மூணு தாப்பா போடுற அம்மா, காரிடார்ல யாராவது புதுசா நடந்தா சன்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்கிற அம்மா. மூணு நாள் எங்ககிட்ட சொல்லவே இல்ல, சோறு எறங்கல, கேட்டா வயித்து வலின்னாங்க. காசு போனத விட அந்த மூணு நாள் தனியா கெடந்து தவிச்சாங்களே, அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல.

கணக்கு கேளுங்க. 2024-ல இந்த நாடு முழுக்க திருட்டு, அடிதடி, மானபங்கம் மாதிரி நேர்ல நடக்கிற குத்தம் எல்லாம் சேந்து 20,000-த்துக்குக் கொஞ்சம் கம்மி. அதே வருஷம் மோசடி மட்டும் 51,000-த்துக்கு மேல. போன காசு 110 கோடி வெள்ளி. நாம ராத்திரி தெருவுல நடக்கிறதுக்கு பயப்படுறோம், ஆனா சோபால ஒக்காந்துக்கிட்டு போன எடுக்கும்போது ஒரு பயமும் இல்ல. என் வட்டாரம் பாதுகாப்பான்னு கேட்டு எழுதின எல்லாருக்கும் நான் சொல்ல நெனைக்கிறது இதுதான், நீங்க தேக்கால இருந்தாலும் புக்கிட் தீமால இருந்தாலும் அந்த போன் ஒரே மாதிரிதான் அடிக்கும்.

அப்பாவுக்குப் பொறுமையா ஒக்காந்து சொல்லிக்குடு. சிங்கப்பூருக்குள்ளயிருந்து வர்ற போனுக்கு முன்னாடி + குறி வராது, வெளிநாட்டுலேர்ந்து வர்றதுக்குத்தான் வரும், அதனால +65-னு வந்து "நான் இங்க போலீஸ்"னு சொன்னா அப்பவே வெச்சிடணும். வெளிநாட்டுக் கால் எல்லாத்தையும் மொத்தமா தடுத்து வைக்க டெலிபோன் கம்பெனில வசதி இருக்கு, ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல கூப்பிடறாங்கன்னா அத போட்டுடலாம். எந்த அரசாங்க அதிகாரியும் போன்ல காச வேற அக்கவுன்ட்டுக்கு மாத்தச் சொல்ல மாட்டாரு, பேங்க் பாஸ்வேர்டு கேக்க மாட்டாரு, உங்கள போலீசுக்கு கனெக்ட் பண்றேன்னு லைன மாத்திவிடவும் மாட்டாரு. மோசடி போனத் தடுக்கிற ஸ்கேம்ஷீல்டு ஆப்ப நீயே அவரு போன்ல ஏத்திக் குடு. சந்தேகமா இருந்தா மோசடி உதவி எண் 1799, 24 மணி நேரமும் ஆள் எடுப்பாங்க, இந்த நாலு இலக்க நம்பர பெருசா எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டு. அப்புறம் பேங்க்ல சேமிப்ப பூட்டி வைக்கிற வசதி வந்திருக்கு, 2023 கடைசிலேர்ந்து பெரிய பேங்க் எல்லாத்துலயும் இருக்கு, பூட்டின காச போன் வழியா யாராலயும் நகத்த முடியாது. அவரு சேமிப்புல பெரும்பகுதிய அதுல போட்டு வை.

காச அனுப்பியே ஆகணும்னு பிடிவாதம் பிடிக்கிற பெரியவங்களும் இருக்காங்க, அந்தளவுக்கு பேசி மயக்கி வச்சிருப்பானுங்க, மக சொன்னாலும் நம்ப மாட்டாங்க. அந்த மாதிரி நெலமைக்கு 2025 ஜூலை 1-லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, வேற வழியே இல்லன்னு போலீஸ் நெனச்சா அவரு பேங்க் பரிவர்த்தனைய 30 நாள் நிறுத்தி வைக்கச் சொல்லி பேங்குக்கு உத்தரவு போடலாம். அந்த நெலம வந்தா தயங்காம போய் சொல்லுங்க, அப்பாவ போலீஸ்ல காட்டிக் குடுக்கிறதா நெனைக்காதீங்க.

ஒரு வேள காசு ஏற்கனவே போயிருந்தா, மொதல்ல பேங்க், உடனே, அந்த நிமிஷமே, அக்கவுன்ட்ட முடக்கச் சொல்லணும். அப்புறம் போலீஸ் புகார். திட்டறத மட்டும் வேணவே வேணாம். எங்கண்ணன் அம்மாவ "இவ்ளோ முட்டாளா இருந்திருக்கியே"ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டான், அதுக்கப்புறம் அம்மா போனத் தொடறதையே விட்டுட்டாங்க.

கேள்வி: வாடகைக்கு வந்து ரெண்டே மாசம். முந்தா நாள் காலைல பாத்தா கதவுல சிவப்புப் பெயின்ட், சுவத்துல "கடன் கட்டு"ன்னு எழுத்து. முன்னாடி இருந்தவங்க வட்டிக்காரன்கிட்ட வாங்கியிருக்காங்க போல. எங்களுக்கு ஒண்ணும் சம்பந்தமில்ல, ஆனா பக்கத்து வீட்டுல யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க. (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: பெயின்ட்ட உடனே தொடைக்காதீங்க, போலீஸ் வந்து படம் எடுக்கட்டும். 999-க்கு போடுங்க, இது அவசரம்தான். ஆ லோங், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன் பத்தி தகவல் சொல்றதுக்குன்னே 1800-924-5664 இருக்கு. வீட்டு ஓனருக்கும் வீவகவுக்கும் எழுத்துல தெரிவிங்க, முன்னாடி இருந்த ஆளு இப்ப இங்க இல்லன்னு கதவுல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு தாள் ஒட்டுங்க. பெயின்ட் ஊத்த வர்றவன் பல சமயம் கடன் குடுத்தவன் கெடையாது, அவனுக்கே கடன் இருக்கும், அத கழிக்க வேண்டி வந்திருப்பான், சின்னப் பையனா கூட இருப்பான். மொதத் தடவ மாட்டினாலே குறஞ்சது 5,000 வெள்ளி அபராதம், ஜெயில், பிரம்படி. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நீங்களே போயி பேசுங்க, அவங்களும் பயந்துதான் போயிருப்பாங்க. இதப் படிக்கிற மத்தவங்களுக்கு, லைசென்ஸ் வாங்கி கடன் குடுக்கிறவன் மாசத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல வட்டி வாங்க முடியாது, அவன் உங்களுக்கு வாட்ஸ்அப்ல "கடன் வேணுமா"ன்னு மெசேஜ் போடவும் கூடாது. போட்டா அவன் யாருன்னு புரிஞ்சுக்குங்க.

கேள்வி: எனக்கு 19 வயசு. பஸ்ல கூட்டத்துல ஒருத்தன் வேணும்னே கை வச்சான். நான் கத்தினேன், எறங்கி ஓடிட்டான். வீட்டுல சொன்னா அம்மா "வெளிய சொல்லாத, நாளைக்கு கல்யாணம் பேசும்போது பேச்சு வரும்"னு சொல்றாங்க. 5 நாள் ஆயிடுச்சு. இப்ப போய் சொன்னா கேப்பாங்களா? (பேர் வேண்டாம்)

பதில்: கேப்பாங்க. இன்னிக்கே போ கண்ணு. எந்த பஸ்ஸு, எந்த ஸ்டாப்புல ஏறின, எத்தன மணி, அவன் என்ன சட்ட போட்டிருந்தான், ஞாபகம் இருக்கிறத ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு எந்த காவல் நிலையத்துலயும் குடுக்கலாம். பஸ்ல கேமரா இருக்கு, அந்தப் படம் ரொம்ப நாளைக்கு இருக்காது, அதனாலதான் இன்னிக்கேன்னு சொல்றேன். அவன் கார்டு தட்டித்தான ஏறியிருப்பான், அதுவும் ஒரு தடயம்தான். மானபங்கத்துக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அபராதமோ பிரம்படியோ கூட வரலாம். உன் பேரு எங்கயும் வராது, இந்த மாதிரி வழக்குல பாதிக்கப்பட்டவங்க யாருன்னு தெரியிற மாதிரி எதையும் வெளியிடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அம்மாகிட்ட இத படிச்சுக் காட்டு.

அம்மா, உங்ககிட்டயும் பேசணும். நீங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, எனக்குத் தெரியும், நம்மள வளத்தவங்க அப்படித்தான் சொல்லி வளத்தாங்க. ஆனா உங்க பொண்ணு கூட்டத்துல வாயத் தொறந்து கத்தியிருக்கா, எத்தன பேருக்கு அந்த தைரியம் வரும்? அத வீட்டுக்குள்ள வச்சு அமுக்கிடாதீங்க. கூட போங்க, பக்கத்துல ஒக்காருங்க. யார்கிட்டயாவது மொதல்ல பேசணும்னா வன்முறை, பாலியல் தொல்லைக்கான உதவி எண் 1800-777-0000, பகல் ராத்திரி எப்பவும். திரும்ப இப்படி ஆனா பஸ் ஓட்டுறவர்கிட்ட உடனே சத்தமா சொல்லு, பேச முடியாத எடத்துல மாட்டிக்கிட்டா போலீசோட அவசர எண் 70999-க்கு எஸ்.எம்.எஸ் போடு, எங்க இருக்கேன்னு அதுலயே எழுதிடு.

கேள்வி: அக்கா வணக்கம். புதுக்கோட்டை பக்கம். துவாஸ் டார்மிட்டரில இருக்கேன், கட்டட வேலை, 6 வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு, தேக்கா வருவேன், சாமி கும்பிட்டு, ஊருக்குக் காசு போட்டு, கூட்டாளிங்கள பாத்துட்டு போவேன். குடிக்கிற பழக்கம் கெடையாது. போன வாரம் ஒரு புளோக்குக்குக் கீழ ஒக்காந்து வீட்டுல போன் பேசிக்கிட்டிருந்தேன், ஒரு அம்மா தமிழ் ஆளுதான், பிள்ளைய சட்டுனு இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் சுத்திப் போனாங்க. கொஞ்ச நேரத்துல ஆபீசர் வந்து கார்டு கேட்டாரு, நல்லாத்தான் பேசினாரு, ஆனாலும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாங்க இருந்தா எடம் பாதுகாப்பு இல்லையா அக்கா? (துவாஸ் வாசகர்)

பதில்: தம்பி, உன் கடிதத்த நாலு தடவ படிச்சேன். மொதக் கேள்வி கேட்ட தங்கச்சிக்கு அவ்ளோ நீளமா பதில் எழுதினதுல பாதி உன்ன மனசுல வச்சுத்தான் எழுதினேன்.

எங்கப்பாவும் இந்த மாதிரி தனியாத்தான் வந்தாரு, துறைமுகத்துல மூட்ட தூக்கினாரு, பத்துப் பேரு ஒரு ரூம்ல படுத்து எந்திரிச்சாரு. ஞாயித்துக்கிழமையானா இதே சிராங்கூன் ரோட்டுலதான் வந்து நிப்பாரு. அவரோட பேத்தி பேரனுங்கதான் இன்னிக்கு உன்ன பாத்து சுத்திப் போறாங்கன்னா அது எங்க வீட்டுக் குத்தம். நான் அங்க இருந்த 22 வருஷத்துல ஒரு தடவ மழையில வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சிடுச்சு, என்ன தூக்கி ஒக்கார வச்சு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் குடை புடிச்சவங்க உன்ன மாதிரி ரெண்டு தம்பிங்க. மத்தவங்க எல்லாம் பாத்துக்கிட்டே நடந்தாங்க.

அந்தப் புளோக்ல இருக்கிறவங்க பக்கமும் கொஞ்சம் சொல்றேன், கேட்டுக்கோ. அவங்க எறங்கி ஏறுற படி, பிள்ள வெளயாடுற எடம், வாரா வாரம் அங்க ஆயிரக்கணக்குல ஆளு வருது, சில பேரு எச்சி துப்புறான், சில பேரு படிக்கட்டுலயே படுத்துக்கிறான். அந்த சில பேருக்காக உன்னையும் ஒரே பார்வ பாக்குறாங்க. அது நியாயம் இல்லதான். கூட்டத்துக்கு பயப்படுறவங்களுக்கு அந்தக் கூட்டத்துல இருக்கிற ஒருத்தரோட முகம் கூட தெரியாது. அதனால இதப் படிக்கிற தேக்கா, ஃபேரர் பார்க் அம்மாக்களுக்கு ஒண்ணு கேட்டுக்கறேன், பிள்ளைய இழுக்காதீங்க. அடுத்த தடவ "சாப்டீங்களா தம்பி"ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. அந்தப் பிள்ள அதையும் பாத்துக் கத்துக்கும்.

உனக்கு உபயோகமா சிலது. லிஃப்ட் வாசலும் படிக்கட்டும் வேணாம், திறந்த திடல்ல ஒக்காரு, அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கூட வர்றவங்க யாராவது டின் வாங்கினா சனி ஞாயிறு அங்க தொறக்கவே கூடாதுன்னு சொல்லு, அபராதம் 1,000 வெள்ளி வரைக்கும் போகும், அந்த வட்டாரத்துல அதுக்கும் மேல, மாசச் சம்பளமே போயிடும். வொர்க் பர்மிட் கைல இருக்கட்டும். ஆபீசர் கேட்டா நீ தப்பு பண்ணேன்னு அர்த்தம் இல்ல, யாராவது போன் போட்டா அவரு வந்து பாத்தாகணும். மழைக்கு ஒதுங்க பென்ஜுரு, கொக்ரேன் மாதிரி பொழுதுபோக்கு நிலையங்களும் இருக்கு, ஆனா தேக்காவுல கெடைக்கிற மனசு அங்க கெடைக்காதுன்னு எனக்கும் தெரியும், வர்றத நிறுத்தாத.

எனக்கு உன்ன நெனச்சு இருக்கிற பயம் வேற. உங்கள மாதிரி தம்பிங்ககிட்டதான் "பேங்க் கார்ட ஒரு மாசம் குடு, 300 வெள்ளி தர்றேன்", "உன் பேர்ல ஒரு சிம் வாங்கிக் குடு", "சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) கொஞ்சம் தொறந்து காட்டு"ன்னு ஆளு வர்றான். பல சமயம் நம்ம ஊர்க்காரன்தான், தமிழ்லதான் பேசுவான், கோயில்ல வச்சே கேப்பான். எங்கம்மா காசு போன அக்கவுன்ட்டும் அப்படி யாரோ ஒருத்தர்கிட்ட வாங்கினதுதான்னு போலீஸ் சொன்னாங்க. 2024 பிப்ரவரிலேர்ந்து அதுக்கு சட்டம் ரொம்ப கடுமையாயிடுச்சு, எனக்குத் தெரியாதுன்னு சொன்னாலும் அவ்ளோ சுலபமா விட மாட்டாங்க. ஜெயிலுக்குப் போயிட்டு ஊருக்கு அனுப்பிட்டா திரும்ப வர முடியாது, இங்க வர்றதுக்கு ஏஜென்ட்டுக்கு குடுத்த கடன் மட்டும் அப்படியே நிக்கும். உன் ரூம்ல எத்தன பேரு இருக்கீங்க, 12 பேரா? இந்தப் பக்கத்த கிழிச்சு கதவுக்குப் பின்னாடி ஒட்டு தம்பி, 1799-ங்கிற நம்பர பேனாவால வட்டம் போட்டு வை. புதுசா வர்ற பையனுக்கு மொத நாளே காட்டிடு.